இரண்டு வருகைகளுக்கு இடையில்: ஒரு சிறுநகர நீரிழிவு மருத்துவகத்தில் தொலைமருத்துவம் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

காவிரிப் படுகையின் கடலோரத்தில் உள்ள ஒரு சிறு நகரத்தில், இரண்டு மருத்துவர்களும் சில செவிலியர்களும் பணிபுரியும் ஒரு தனியார் நீரிழிவு மருத்துவகத்தில், 2020 தொடக்கம் முதல் 2023 இறுதி வரை நடந்தவை இங்கே பதிவு செய்யப்படுகின்றன. இதை எழுதுபவர் அந்த இரு மருத்துவர்களில் இளையவர். நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. நோயாளிகள் இடையில் நின்றுபோவதைத் தொலைபேசி வழி ஆலோசனை எந்த அளவுக்குத் தடுத்தது, எங்கே அது பயன்படவில்லை, எங்கே அதை நம்பியிருக்கவே கூடாது என்பவை மட்டுமே இந்த ஆய்வின் பொருள்.

பின்னணி

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமங்களைச் சேர்ந்த, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள். விவசாயக் கூலித் தொழிலாளர்கள், மீன் விற்கும் பெண்கள், சிறு கடைக்காரர்கள் ஆகியோரோடு, பிள்ளைகள் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்க, ஊரில் தனித்திருக்கும் முதியவர்களும் அதிகம். பலர் இரண்டு பேருந்து மாறி வருகிறவர்கள்.

2020-க்கு முன்பு ஒரே வழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவந்தோம். புதிதாக வருகிறவர் முதல் இரண்டு மூன்று மாதங்கள் தவறாமல் வருவார். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் வருகை நின்றுவிடும். பழைய மருந்துச் சீட்டையே ஊர் மருந்துக் கடையில் காட்டி, கையில் காசு இருக்கும்போது பத்து நாளைக்கு, இல்லாதபோது மூன்று நாளைக்கு என்று மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார். ஓரிரு ஆண்டுகள் கழித்து, பாதம் மரத்துப்போய் அல்லது பார்வை மங்கி, சில நேரம் ஆறாத புண்ணோடு திரும்பி வருவார். அவர் இத்தனை நாள் வரவில்லை என்பதே அவர் திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். காலையில் வந்து டோக்கன் எடுப்பவர்களைப் பார்க்கும் முறை எங்களுடையது. வராதவர்களைப் பற்றிய பதிவு அந்த முறையில் எங்குமே இல்லை.

2020 தொடக்கத்தில் மூத்த செவிலியர் ஒரு யோசனை சொன்னார். அலமாரியில் இருந்த நோயாளிக் குறிப்பேடுகளில், ஆறு மாதத்துக்கு மேல் வராதவர்களுடையதைத் தனியே எடுத்து, அவர்களை அழைத்து ஏன் வரவில்லை என்று கேட்கலாம் என்றார். மருத்துவ அறிவுரை எதுவும் சொல்வதில்லை, கேட்டு எழுதிக்கொள்வது மட்டுமே என்ற நிபந்தனையோடு அதற்கு ஒப்புக்கொண்டோம்.

முதலில் கண்டவை

சிகிச்சையில் குறை இருக்கும், கட்டணம் அதிகமாக இருக்கும், புதிதாகத் திறந்த வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார்கள் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தோம். அப்படிச் சொன்னவர்கள் சிலரே. “சுகர் குறைஞ்சிருச்சு சிஸ்டர், அதான் வரலை” என்பது ஒரு வகைப் பதில். அடிக்கடி வந்த மற்றொரு பதில், ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறது என்பது.

அந்த ஒரு நாளைச் செவிலியர் மணிக்கணக்கில் எழுதிக் காட்டினார். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் விடியற்காலையில் பசியோடு புறப்பட வேண்டும். வந்து இரத்தம் கொடுத்து, காலை உணவு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டும். முடிவுச் சீட்டு வந்த பிறகுதான் மருத்துவரைப் பார்க்கும் வரிசை தொடங்கும். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்ப்பார், பெரும்பாலும் “அதே மாத்திரையைத் தொடருங்கள்” என்பார். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய வருகைப் பதிவு போயிற்று. நடவுக் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. முதியவர் என்றால் கூட வருகிறவரின் கூலியும் சேர்ந்து போயிற்று. குறுவை நடவிலும் சம்பா அறுவடையிலும் எங்கள் மருத்துவகத்தில் கூட்டம் குறைவதை ஆண்டுதோறும் பார்த்திருந்தும், அதன் காரணத்தை ஆராயாமலே இருந்தோம்.

இந்தக் கணக்கு எங்கள் கைக்கு வந்தபோது, தொலைபேசியில் சிகிச்சை அளிக்கும் எண்ணமே மருத்துவகத்தில் இல்லை. தொலைபேசியில் மருந்து சொல்வதில்லை என்பது மூத்த மருத்துவர் நெடுநாளாகக் கடைப்பிடித்த விதி. அதற்குக் காரணமும் இருந்தது. மருத்துவர் நேரில் இல்லாமல் தொலைபேசியில் அளித்த அறிவுறுத்தலின்படி சிகிச்சை பெற்ற நோயாளி இறந்த ஒரு வழக்கில், 2018-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்திருந்தது. எது அனுமதிக்கப்பட்டது, எது குற்றம் என்று தெளிவாகச் சொல்லும் வழிகாட்டுதல் அப்போது நாட்டில் இல்லை.

2020 மார்ச்: கட்டாயத்தின் பேரில் ஒரு தொடக்கம்

மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அதே தேதியில், மத்திய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பதிவு பெற்ற மருத்துவர் காணொளி, குரல், எழுத்து ஆகிய எந்த வழியிலும் ஆலோசனை சொல்லலாம் என்று அது வரையறுத்தது. எங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் சில விதிகள் அதில் இருந்தன. முன்பு நேரில் பார்த்த நோயாளியை, அதே நோய்க்காக, ஆறு மாதத்துக்குள் தொடர் ஆலோசனையாகத் தொலைவிலிருந்து பார்க்கலாம். ஏற்கெனவே எழுதிய மருந்தைத் தொடரலாம். அதே நோய்க்குத் தேவையான கூடுதல் மருந்தையும் சேர்க்கலாம். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை உள்ளிட்ட சில மருந்துகளை எழுதவே கூடாது. நோயாளி தானாக அழைத்தால் அவருடைய இசைவு இருப்பதாகக் கொள்ளலாம். நாம் அழைத்தால் வெளிப்படையாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். ஆலோசனையின் பதிவைப் பாதுகாக்க வேண்டும். கட்டணம் வாங்கலாம்.

மூத்த மருத்துவர் அந்த ஆவணத்தை முழுமையாகப் படித்தார்; பிறகு தம் விதியைத் தளர்த்தினார். ஊரடங்கு இல்லாதிருந்தால் இந்த மாற்றத்துக்கு எங்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்திருக்கும் என்றே கருதுகிறேன்.

தொடக்க வாரங்களில் ஒழுங்கு எதுவும் இல்லை. எந்த நேரமும் அழைப்பு வந்தது. மருந்துக் கடைகள் திறந்திருந்தும், வழக்கமாக வாங்கும் நிறுவனத்தின் மாத்திரை கிடைக்காமல் வேறு பெயரில் கொடுத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வியே அதிகம். ஏப்ரல் கடைசி வாரத்தில் ரமலான் நோன்பு தொடங்கியபோது, ஆண்டுதோறும் நோன்புக்கு முன் நேரில் வந்து மருந்தின் அளவை மாற்றிக்கொண்டு போகும் நோயாளிகள் வர முடியவில்லை. செவிலியர் பட்டியல் எடுத்து, இன்சுலினும் சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரைகளும் எடுத்துக்கொள்பவர்களை முதலில் அழைத்தார். காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவது, சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) நேர அளவைக் குறைப்பது, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நோன்பை உடனே முடித்துக்கொள்வது ஆகியவற்றை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னோம். அழைப்பவர் நாங்களாகவும் கேட்பவர் நோயாளியாகவும் அமைந்த முதல் வரிசை அதுதான். பின்னர் உருவான முறைக்கு அதுவே முன்மாதிரியானது.

ஒரு சிரிஞ்சு

மே மாதத்தில், அறுபதைக் கடந்த ஒருவரின் சர்க்கரை அளவு திடீரென ஏறியது. ஆண்டுக்கணக்காக ஒரே அளவு இன்சுலினில் சீராக இருந்தவர். சாப்பாட்டில் மாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை, ஊசியைத் தவறாமல் போடுகிறார் என்று மகள் தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். குரலை மட்டும் கேட்டு முடிவெடுத்திருந்தால் அளவைக் கூட்டியிருப்போம். செவிலியர், காணொளியில் வரச் சொல்லி, ஊசி போடுவதை முதலிலிருந்து செய்து காட்டச் சொன்னார். சிரிஞ்சைக் கையில் எடுத்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. அதன் மூடி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

இங்கே குப்பியில் வரும் சாதாரண இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் இன்சுலினுக்கானது. வழக்கமான கடையில் சரக்கு இல்லாததால் வேறு கடையில் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை, மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சிரிஞ்சை மாற்றச் சொன்னோம், அளவை மாற்றவில்லை. சர்க்கரை இறங்கியது.

அளவைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பழைய கடையில் சரக்கு வந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சுக்குத் திரும்பிய அன்றே, கூட்டிய அளவு முழுவதுமாக உள்ளே போய், அவர் தாழ் சர்க்கரையில் மயங்கியிருக்கக்கூடும். குரல் போதும், காணொளி ஆடம்பரம் என்று அதுவரை எண்ணியிருந்த நாங்கள், இன்சுலின் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஊசி போடுவதைக் காணொளியிலோ நேரிலோ செய்து காட்டச் சொல்வதென்று முடிவு செய்தோம்.

பேருந்து மீண்டும் ஓடியபோது எடுத்த முடிவுகள்

செப்டம்பரில் பேருந்துகள் முறையாக ஓடத் தொடங்கியபோது, தொலைபேசி ஆலோசனையை நிறுத்திவிட்டுப் பழைய டோக்கன் முறைக்கு முழுமையாகத் திரும்புவதா என்ற கேள்வி எழுந்தது. நகரத்தில் பல மருத்துவகங்கள் அப்படியே திரும்பின. நேரில் வருகிறவர் குறைந்தால் ஆய்வக வருமானமும் குறையும் என்ற அச்சம் எங்களுக்கும் இருந்தது. செவிலியர் எழுதிவைத்த அந்த ஒரு நாள் கணக்கே முடிவைத் தீர்மானித்தது. அந்தக் கணக்கில் இருந்த எதுவும் ஊரடங்கால் வந்ததல்ல, ஊரடங்கு நீங்கியதும் போய்விடப் போவதும் அல்ல. அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டு, வயல்களில் குறுவை வேலை மும்முரமாக நடந்திருந்தது. நடவு மாதங்களில் மருத்துவகத்தை விட்டு விலகிப்போகும் பெண்களோடு அந்த ஆண்டு மட்டும் தொடர்பு அறுபடாமல் இருந்தது என்பதைக் குறிப்பேடுகள் காட்டின.

எனவே தொலைபேசி ஆலோசனையைத் தொடர்ந்தோம். ஆனால் அதன் இடத்தை வரையறுத்தோம். நிலையாக உள்ள நோயாளி ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் நேரில் வர வேண்டும். இடைப்பட்ட காலத்தில் தொலைபேசி ஆலோசனை போதும். வழிகாட்டுதலின் ஆறு மாத வரம்பும், பாதம், இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கண் ஆகியவற்றை நேரில் பார்த்தாக வேண்டிய மருத்துவத் தேவையும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன. நிலையாக இல்லாதவர், கருவுற்றவர், புதிதாக இன்சுலின் தொடங்கியவர், காலில் புண் உள்ளவர் ஆகியோருக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.

அழைக்கும் பொறுப்பு மருத்துவகத்தினுடையது என்று வைத்துக்கொண்டது இரண்டாவது முடிவு. என் மதிப்பீட்டில் முழு முயற்சியிலும் முதன்மையானது இதுவே. ஒவ்வொருவரும் நேரில் வந்து திரும்பும்போதே அடுத்த அழைப்பின் நாள் அவருடைய நோட்டில் எழுதப்பட்டது. வயல் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரம் என்பதால் மாலை ஏழு மணிக்கு மேல் அழைத்தோம். அதே செவிலியர் அதே எண்ணிலிருந்து அழைத்தார். தெரியாத எண்ணை எடுக்கப் பலர் அஞ்சினார்கள், அது நியாயமும்கூட. எனவே அந்த எண் நோட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டது. அழைப்பின் தொடக்கத்தில் இசைவு கேட்டுப் பதிவேட்டில் எழுதுவது செவிலியரின் முதல் வேலை. மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துவந்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்வது அடுத்தது. பிறகு பாதம், தலைசுற்றல், படபடப்பு, இரவில் எழுந்து சிறுநீர் கழிப்பது, புதிதாக வேறு மருத்துவர் கொடுத்த மருந்து ஆகியவை பற்றிக் கேட்பார். இவற்றை எழுதி முடித்த பிறகே இணைப்பு மருத்துவருக்கு மாற்றப்படும். மருத்துவர் பேசும் நேரம் நேரில் பார்க்கும் அதே ஐந்து நிமிடம்தான். நோயாளியின் நாள் மட்டும் மிச்சமானது.

இரத்தப் பரிசோதனையை நோயாளியின் ஊருக்கு அருகிலுள்ள ஆய்வகத்தில் கொடுக்கலாம் என்றோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதனால் விடியற்காலைப் பயணமும் தேவையில்லை. ஆய்வக வருமானத்தில் ஒரு பகுதியை இழப்போம் என்று தெரிந்தே இந்த முடிவை எடுத்தோம்.

கட்டணம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. இலவசமாகச் செய்வோம் என்பது என் கருத்தாக இருந்தது. கட்டணம் வாங்காத வேலையை நாளடைவில் நாமே அலட்சியமாகச் செய்வோம், நோயாளியும் அதைச் சிகிச்சையாகக் கருதமாட்டார் என்றார் மூத்த மருத்துவர். நேரில் வாங்குவதில் பாதி என்று முடிவானது. கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாதவர்கள் அடுத்த முறை வரும்போது கொடுத்தார்கள். கொடுக்காமல் போனவர்கள் மிகச் சிலரே.

கைவிட்ட செயலி

2021 தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் தொலைமருத்துவச் செயலியை முயன்று பார்த்தோம். நேரம் ஒதுக்குதல், காணொளி, மருந்துச் சீட்டு, கட்டணம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. பதிவுகள் ஒழுங்காக இருந்தன. நோயாளிகளால் உள்ளே நுழைய முடியவில்லை. வீட்டில் இருக்கும் கைப்பேசியின் எண் மகன் பெயரில் பதிவாகியிருக்கும், ஒருமுறைக் கடவுச்சொல் துபாயில் இருக்கும் மகனுக்குப் போகும். அவர் வேலை முடிந்து பார்த்துத் திருப்பிச் சொல்வதற்குள் நேரம் கடந்திருக்கும். கண் மங்கிய முதியவர்களுக்குத் திரையில் எழும் குறிப்புகள் எதுவும் புரியவில்லை. சில மாதங்களில் செயலியை விட்டுவிட்டு, சாதாரணத் தொலைபேசியும் தேவைப்படும்போது வாட்ஸ்அப் காணொளியும் என்று திரும்பினோம். மருந்துச் சீட்டு, மருத்துவரின் பதிவு எண்ணோடும் கையொப்பத்தோடும் படமாக அனுப்பப்பட்டது. எல்லா நோயாளிகளையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. ஒருவருக்கு நீரிழிவு இருப்பது இன்னொருவருக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை. பெண் கொடுக்க, எடுக்கப் பேச்சு நடக்கும் வீடுகளில் அதன் விளைவு எப்படியிருக்கும் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பாதத்தைப் பற்றிய கேள்வி

2021 இறுதியில், தலைச்சுமையாக மீன் விற்கும் ஒரு பெண்ணுக்குச் செவிலியர் வழக்கமான அழைப்பை விடுத்தார். சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தது. காலில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னார். மரத்துப்போன பாதத்தில் வலி தெரியாது என்பதால், “ஒன்றும் இல்லை” என்ற பதிலைச் செவிலியர் ஏற்பதில்லை. “அம்மா, மருமகளைக் கூப்பிட்டு ரெண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்துல திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்றார். மருமகள் பார்த்துவிட்டு, சுண்டு விரலுக்கு அடியில் காய்த்துப்போன தோல் கருத்திருக்கிறது, செருப்பின் அந்த இடம் ஈரமாக இருக்கிறது என்றார்.

படம் அனுப்பச் சொன்னோம். வந்த படத்தில் கைப்பேசி விளக்கின் ஒளியில் தோல் வெளுத்துத் தெரிந்ததே தவிர வேறெதுவும் விளங்கவில்லை. மாத்திரை எழுதி அனுப்பினால் போதாதா, நாளை ஏலத்துக்குப் போக வேண்டும் என்று நோயாளி கேட்டார். படத்தைப் பார்த்துப் புண்ணுக்கு மருந்து எழுதுவதில்லை என்று மூத்த மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை வந்தபோது, காய்ப்பைச் சீவியதும் அடியில் சீழ் இருந்தது. எலும்புவரை போகவில்லை. சீழை வெளியேற்றி, நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, பல வாரங்கள் கட்டு மாற்றி, பாதத்தின் அந்த இடத்தில் அழுத்தம் விழாதபடி செருப்பை மாற்றிக் கொடுத்த பிறகு ஆறியது. விரல் தப்பியது.

புண்ணின் படம், நோயாளி இன்றே வர வேண்டுமா நாளை வரலாமா என்பதைத் தீர்மானிக்க மட்டுமே. “வர வேண்டியதில்லை” என்று சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது அன்று முதல் எங்கள் எழுத்து விதியானது.

தொடர்ந்து நடந்தவை

2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, எங்கள் நோயாளிகளில் ஏழையர் பலருக்கு மாத்திரைகள் வீட்டுக்கே வரத் தொடங்கின. அவர்களை இழந்துவிட்டோம் என்று கணக்கெழுதுவதா என்ற கேள்வி மருத்துவகத்தில் எழுந்தது. இல்லை என்று முடிவு செய்தோம். மாத்திரையை எங்கே வாங்குகிறார் என்பது எங்கள் அக்கறை அல்ல. சிகிச்சையில் இருக்கிறாரா என்பதே அக்கறை. அவர்களையும் அழைத்தோம். அதனால் ஒரு பெரிய ஆபத்து கண்ணில் பட்டது. அரசு கொடுத்த மாத்திரையும் நாங்கள் முன்பு எழுதியதும் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு நிறத்தில் இருந்ததால், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டையும் சேர்த்துச் சிலர் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். பிற்பகலில் வியர்த்துக் கை நடுங்குவதை வெயிலின் களைப்பு என்று எண்ணியிருந்தார்கள். அட்டைகளை வாசிக்கச் சொல்லும் வழக்கம் இல்லாதிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு, எங்கள் சீட்டிலிருந்து அந்த மருந்தை நீக்கி, எது அரசிடமிருந்து வருகிறது என்பதை நோட்டில் எழுதிக் கொடுத்தோம். களப்பணியாளர் வீட்டுக்கு வரும்போது அந்த நோட்டைக் காட்டச் சொன்னோம்.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிமுகமானதும் எங்கள் வேலையை மாற்றியது. இரண்டாம் அலை ஊரடங்கு தளர்ந்த பிறகு, ஆறு மாத நேர்முகப் பரிசோதனைக்குப் பெண்கள் வருவது கண்கூடாக அதிகரித்தது. இதில் தொலைபேசியின் பங்கு எவ்வளவு, பேருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது சரியாகாது. நாள் குறித்து அழைத்ததும், வந்து போகச் செலவு இல்லாததும் சேர்ந்தே அவர்களை வரவைத்தன.

2023 இறுதியில் செவிலியர் மறுபடியும் குறிப்பேடுகளைப் பிரித்து அடுக்கினார். ஆறு மாதத்துக்கு மேல் எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் அடுக்கு, 2020-இல் எடுத்ததோடு ஒப்பிடும்போது மிகச் சிறியதாக இருந்தது. நேரில் வருகிறவர்களின் மொத்த எண்ணிக்கையும் நாங்கள் அஞ்சியபடி குறையவில்லை. ஒவ்வொருவரும் வரும் தடவைகள் குறைந்தன, ஆனால் விட்டுப்போகாமல் வருகிறவர்கள் கூடினார்கள். முக்கியமாக, நெடுநாள் காணாமல் போய்ப் புண்ணோடு திரும்புகிறவர்கள் குறைந்தார்கள். தொடக்கத்தில் அஞ்சிய ஆய்வக இழப்பு உண்மையாகவே ஏற்பட்டது, அதை ஏற்றுக்கொண்டோம்.

தக்கவைக்க முடியாதவர்கள்

தொலைபேசியால் பயன் பெறாதவர்கள் யார் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. சொந்தக் கைப்பேசி இல்லாத பெண்கள் முதலிடத்தில் இருந்தார்கள். அழைப்பைக் கணவரோ மகனோ எடுத்து, “நல்லா இருக்காங்க, மாத்திரை போடுறாங்க” என்று சொல்லி முடித்துவிடுவார். நோயாளியின் குரலைக் கேட்காமல் ஆலோசனையைப் பதிவு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். அதனால் சில வீடுகளில் எரிச்சலும் ஏற்பட்டது. குடிப்பழக்கம் உள்ள ஆண்கள் மாலை ஏழு மணிக்குப் பேசும் நிலையில் இருக்கமாட்டார்கள்; அவர்களை அழைக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றியது சிலரிடம் மட்டுமே பலித்தது. வேலைக்காக வெளியூர் போய் எண்ணை மாற்றியவர்களைத் தேடிப்பிடிக்க வழியில்லை. மனச்சோர்வால் மாத்திரையை விட்டவர்களைத் தொலைபேசியில் அடையாளம் காண்பது கடினமாக இருந்தது. கேள்விகளுக்கெல்லாம் சரியான பதில் சொல்லிவிடுவார்கள், எச்பிஏ1சி முடிவுதான் உண்மையைச் சொல்லும். தூக்க மாத்திரையைத் தொலைபேசியில் எழுதச் சொல்லிக் கேட்டு, மறுத்ததும் வராமல் போனவர்களும் சிலர் உண்டு. அந்த மறுப்பில் மாற்றம் இல்லை.

இனி மாற்ற வேண்டியவை

இந்த முறையை மறுபடி தொடங்குவதாக இருந்தால், வீட்டில் உள்ள இரண்டு எண்களை முதல் வருகையிலேயே வாங்குவோம். நோயாளி பெண்ணாக இருந்தால் அவற்றில் ஒன்று இன்னொரு பெண்ணுடையதாக, மகளுடையதாகவோ மருமகளுடையதாகவோ பக்கத்து வீட்டுத் தோழியுடையதாகவோ, அவர் இசைவோடு இருக்கும்படி கேட்போம். அந்த எண்ணில் நோயின் பெயரைச் சொல்லாமல் அழைத்துத் தரச் சொல்வதற்கான சொற்களையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்வோம்.

சர்க்கரைமானியில் நோயாளிகள் தாமே பார்த்துச் சொல்லும் அளவுகளை இப்போது நம்பும் அளவுக்கு நம்பமாட்டோம். பரிசோதனைக் கீற்றின் காலாவதி நாள், கையைக் கழுவினாரா, பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய கருவியா என்பவற்றைக் கேட்ட பிறகே அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவோம். மருந்தின் அளவை மாற்றுவதற்கு ஆய்வக முடிவையே அடிப்படையாகக் கொள்வோம்.

ஊர் மருந்துக் கடைகளோடு தொடக்கத்திலேயே பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. பழைய சீட்டுக்கு மாத்திரை கொடுப்பதும், சிரிஞ்சை மாற்றிக் கொடுப்பதும், நிறுவனப் பெயரை மாற்றிக் கொடுப்பதும் அங்கேதான் நடக்கின்றன. எங்கள் மருந்துச் சீட்டில் “இந்த நாள் வரை மட்டும் செல்லும்” என்ற வரியையும், இன்சுலின் எழுதும்போது சிரிஞ்சின் அளவையும் மூடியின் நிறத்தையும் 2023 முதல் அச்சிடுகிறோம். சில கடைக்காரர்கள் இப்போது சந்தேகம் வந்தால் எங்களையே அழைத்துக் கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே செவிலியர் மேல் ஏற்றியதும் மாற வேண்டியது. நோயாளிகள் தொலைபேசியை எடுத்தது அவருடைய குரலுக்காகத்தான் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அவர் மகப்பேறு விடுப்பில் இருந்த மாதங்களில், வேறொருவர் அதே கேள்விகளை அதே எண்ணிலிருந்து கேட்டும், எடுக்கப்படாத அழைப்புகள் கூடின. அவர் திரும்பியதும் இரண்டாவது செவிலியரை உடன் அமர்த்தி, அழைப்பின் தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து பேசி அறிமுகப்படுத்தும் ஏற்பாட்டைச் செய்தோம். நோட்டின் அட்டையில் இப்போது எண்ணோடு இரண்டு செவிலியர்களின் பெயரும் அச்சிடப்படுகிறது. மாலை நேர வேலைக்கான ஊதியம் தனியாகக் கணக்கிடப்பட்டு, தொலைபேசி ஆலோசனைக் கட்டணத்திலிருந்தே வழங்கப்படுகிறது.